நில அதிர்வை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? வடமராட்சிக் கரையிலிருந்து ஒரு கேள்வி

கரையோரத்தாள் எழுதியது:

வணக்கம். வடமராட்சி கிழக்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதி வட்ஸ்அப் குழுக்களில் இந்த வாரம் ஒரு குரற்பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. வருகின்ற பூரணையை ஒட்டி இந்து சமுத்திரத்தில் பெரிய நில அதிர்வு ஏற்படும், அதன் பின்னால் கடல் ஊருக்குள் வரும், துருக்கி அதிர்வை மூன்று நாட்களுக்கு முன்பே சொன்ன வெளிநாட்டவரே இதையும் சொல்லியிருக்கிறார் என்று அதில் ஒருவர் மிகுந்த நம்பிக்கையோடு பேசுகிறார். சில குடும்பங்கள் பிள்ளைகளை நகரத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டன. 2004 மார்கழி 26 ஒரு பூரணை நாள் என்பதை இங்கே எவரும் மறக்கவில்லை. உடுத்துறை நினைவாலயத்தில் ஆண்டுதோறும் விளக்கேற்றுகின்ற தாய்மாரிடம் போய், இது வெறும் வதந்தி என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. காரணத்தோடு சொல்ல வேண்டும். நில அதிர்வை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? முடியாதென்றால், இத்தனை கருவிகளும் செய்மதிகளும் உள்ள காலத்தில் ஏன் முடியவில்லை?

மண்ணும் மலையும் எழுதியது:

நல்ல கேள்வி, தங்கச்சி. பாடசாலையில் புவியியல் கற்பிப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓர் அதிர்வை முன்கூட்டிச் சொன்னதாக ஒருவர் உரிமை கொண்டாட வேண்டுமானால், எந்த இடத்தில், எந்த நாளில், எந்த அளவில் என்ற மூன்றையும் அவர் குறுகிய எல்லைக்குள் வைத்து முதலே சொல்லியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தளர்த்தினாலும் சொன்னது பலித்துவிடும். உலகில் ஆண்டொன்றுக்கு அளவு 6ஐத் தாண்டிய அதிர்வுகள் நூற்றுக்கு மேல் நிகழ்கின்றன. அளவு 7ஐத் தாண்டியவை ஏறத்தாழ பதினைந்து. 8ஐத் தாண்டுவது சராசரியாக ஒன்று. ஆகவே "இந்த வாரம் பசிபிக் ஓரத்தில் பெரிய அதிர்வு வரும்" என்று வாரந்தோறும் எழுதிவருகின்ற ஒருவர் அடிக்கடி சரியாகவே இருப்பார். பலிக்காத வாரங்களை எவரும் பகிர்வதில்லை.

துருக்கி விடயமும் அத்தகையதே. 2023 பெப்ரவரி 3ஆம் திகதி ஒல்லாந்து நாட்டவர் ஒருவர் சமூக ஊடகத்தில் எழுதிய குறிப்பில், தென் மத்திய துருக்கியையும் அயல்நாடுகளையும் சேர்த்துச் சொல்லி, அளவு 7.5 அளவிலான அதிர்வு "இன்றோ என்றோ" வரும் என்றுதான் இருந்தது. நாளைக் குறிப்பிடவில்லை. அங்கே நிலப்பாறை உடைந்து நழுவுகின்ற கிழக்கு அனற்றோலியப் பிளவு ஆபத்தானது என்பதைப் புவிச்சரிதவியலாளர்கள் பல காலமாகவே எழுதிவந்திருக்கிறார்கள். பெப்ரவரி 6ஆம் திகதி அளவு 7.8 அதிர்வு நிகழ்ந்து, துருக்கியில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் பின்னர்தான் "என்றோ" என்ற சொல் கழன்று, "மூன்று நாட்களுக்கு முன்பே" என்பது ஒட்டிக்கொண்டது. உங்கள் குரற்பதிவு அந்தப் பெயரைக் கடன் வாங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் முடியவில்லை என்பதற்கு வருகிறேன். சுமாத்திராவுக்கு மேற்கே ஒரு புவித்தகடு மற்றதன் கீழ் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வேகத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. உராய்வினால் அது ஆண்டுக்கணக்கில் பூட்டுப்பட்டு நிற்க, இறுக்கம் ஏறிக்கொண்டே போகிறது. கிணற்றுக் கயிறு நைந்துகொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். எந்த வாளியோடு அறும் என்பது தெரியாது. அறுகின்ற இடம் பல கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கிறது, அங்கே கருவி வைத்து இறுக்கத்தை நேரடியாக அளக்க வழியில்லை. அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. ஓர் அதிர்வு தொடங்குகின்ற கணத்தில், அது சிறிதாக முடியுமா பெரிதாக வளருமா என்பதற்கு நம்பத்தகுந்த அடையாளம் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 2004இல் உடைவு ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் நீளத்துக்கு, எட்டுப் பத்து நிமிடங்கள் ஓடியது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின் முதல் அறிக்கையில் அளவு 8.0 என்றே இருந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து 8.5 என்றார்கள், உண்மையான அளவு 9.1. நடந்து முடிந்த அதிர்வின் அளவையே அன்று உடனே சொல்ல முடியவில்லை என்றால், நடக்கப்போவதன் அளவை நாள் குறித்துச் சொல்வதாகக் கூறும் குரற்பதிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உரும்பிராய் மாணவன் எழுதியது:

சேர், ஒரு ஐயம். சீனாவில் 1975இல் ஹைசெங் நகரத்து மக்களை முன்கூட்டியே வெளியேற்றிக் காப்பாற்றினார்கள் என்று வாசித்திருக்கிறேன். ஒரு தடவை முடிந்தது என்றால் மறுபடியும் முடிய வேண்டும் அல்லவா? இன்னொன்று, 2023இல் இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் பெரிய அதிர்வுகளுக்கு இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்பே செய்மதி நிலைகாட்டி (ஜிபிஎஸ்) தரவுகளில் ஒரு நகர்வு தெரிவதாக 'சயன்ஸ்' இதழில் எழுதியிருந்தார்கள். அது என்னவாயிற்று?

மண்ணும் மலையும் எழுதியது:

ஹைசெங் உண்மையாக நடந்தது, தம்பி. 1975 பெப்ரவரி 4ஆம் திகதி அங்கே அளவு 7.3 அதிர்வு ஏற்பட்டது. அதற்கு முன் பெருந்தொகையான மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியிருந்தார்கள். ஆனால் அங்கே முதல் நாளிலிருந்தே நூற்றுக்கணக்கான முன்னதிர்வுகள், அதாவது பேரதிர்வுக்கு முன்வருகின்ற சிறு அதிர்வுகள், நிலத்தை ஆட்டிக்கொண்டிருந்தன. மக்களை வெளியே கொண்டுவந்தது பெரும்பாலும் அந்த ஆட்டந்தான். பதினெட்டு மாதங்கள் நிறைவதற்குள், 1976 யூலை 28ஆம் திகதி, அதே நாட்டில், அதே கண்காணிப்பு முறைகள் நடைமுறையில் இருக்கும்போதே, தங்ஷான் நகரம் இரவோடிரவாக நொருங்கியது. அங்கே பயன்படுத்தக்கூடிய முன்னதிர்வு எதுவும் இருக்கவில்லை. அரசுக் கணக்கின்படியே இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான அதிர்வுகள் முன்னதிர்வு தருவதில்லை. வருகின்ற சிறு அதிர்வுகளிலும் நூற்றில் ஏறத்தாழ ஐந்தைத்தான் அதைவிடப் பெரியது பின்தொடர்கிறது. ஓர் அதிர்வு முன்னதிர்வா தனியதிர்வா என்பது பின்னால் வருவதைப் பார்த்த பிறகே தெரியும்.

பிரெஞ்சு ஆய்வைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் 90 பெரிய அதிர்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உழைப்பு மதிக்கத்தக்கது. பின்னர் வேறு ஆய்வாளர்கள், அந்தத் தரவுகளில் எல்லா நிலையங்களுக்கும் பொதுவாகப் படிந்திருந்த இரைச்சலை, அதாவது அளவீட்டுப் பிழையை, நீக்கிவிட்டு மீண்டும் கணித்தபோது அந்த நகர்வு மறைந்துவிட்டது. தனியொரு நிலநடுக்கத்தில் அதைக் காண்பதற்கு இன்றைய கருவிகளின் நுணுக்கமும் போதாது என்பதை அந்த இருவருமே தங்கள் கட்டுரையில் எழுதியிருந்தார்கள்.

இதில் நீங்கள் படிக்க வேண்டிய இடம் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்ட். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை அங்கே அளவு 6 அதிர்வு வந்துகொண்டிருந்தது. அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று அமெரிக்க அரசின் ஆய்வாளர்களே வெளிப்படையாக அறிவித்து, அந்தச் சிறிய ஊரைச் சுற்றி அன்று கிடைத்த அத்தனை கருவிகளையும் பதித்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்ரெம்பர் 28ஆம் திகதி. பதினோரு ஆண்டுகள் பிந்தியது மட்டுமல்ல, வருவதற்கு முன்பான நாட்களிலோ மணித்தியாலங்களிலோ அந்தக் கருவிகள் எதிலும் பயன்படக்கூடிய அறிகுறி பதிவாகவில்லை. உலகத்திலேயே அதிக கவனத்தோடு காவல் காக்கப்பட்ட பிளவு அது. இந்த ஒரு செய்தி போதும் என்பேன்.

முனைக்காற்று எழுதியது:

நான் பருத்தித்துறைக் கடலில் தொழில் செய்து வளர்ந்தவன். ஆசிரியர் சொல்வதை மறுப்பதற்காக எழுதவில்லை. ஆனாலும் கருவிக்குத் தெரியாதது உயிர்களுக்குத் தெரியும் என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. 2004இல் யால காட்டில் யானைகள் முன்னரே மேட்டுக்கு ஏறிவிட்டன என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தோடு எங்கள் கிணறுகளில் நீர் மட்டம் காரணமில்லாமல் ஏறி இறங்கினால் ஏதோ நடக்கப்போகிறது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பூரணைக்கும் அமாவாசைக்கும் கடல் பெருகுவதை நாங்கள் வாழ்நாள் முழுவதும் பார்க்கிறோம். கடலை இழுக்கின்ற நிலவு நிலத்தை இழுக்காதா?

மண்ணும் மலையும் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட மூன்றுமே ஆராயப்பட்டவைதான்.

யானைகளைப் பொறுத்தவரை, அன்று யாலவில் இரண்டு யானைகளின் கழுத்தில் செய்மதிப் பட்டிகள் இருந்தன. அவற்றின் நடமாட்டத்தைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அவை அலையை முன்னுணர்ந்து விலகியதற்குச் சான்று இல்லை என்று 2006இல் வெளியிட்டார்கள். விலங்குகள் பற்றிய பழங்கதைகளை நான் புறக்கணிக்கவில்லை. ஜேர்மனிய ஆய்வுக் குழுவொன்று 160 அதிர்வுகள் தொடர்பான 729 விவரணங்களைச் சேகரித்து 2018இல் அலசியபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஒரு தடவை கண்டதைப் பின்னால் நினைவுகூர்ந்தவையாகவே இருந்தன. அதிர்வு இல்லாத நாட்களில் அதே நாய் எத்தனை தடவை ஊளையிட்டது என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை.

கிணற்றைப் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதன் வரிசைதான் வேறு. 1964இல் அலாஸ்காவில் அளவு 9.2 அதிர்வு நிகழ்ந்தபோது, பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் புளோரிடாவிலிருந்த கிணறுகளிலும் நீர் ஏறி இறங்கியது. அதிர்வலை பாறையைப் பிழிந்து விடுவதால் அப்படி நிகழ்கிறது. அது அதிர்வுக்குப் பின் வருவது. நம்முடைய குடாநாட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது. நிலத்துக்குக் கீழே இருப்பது குகையும் வெடிப்புமாக உள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் கடலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அசைகிறது. பக்கத்துத் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தை இயக்கினாலும் மாறுகிறது, ஒரு மழைக்கும் மாறுகிறது. காரணமில்லாமல் அசைந்ததாக நமக்குத் தோன்றுவதற்கு வேறு காரணங்கள் அருகிலேயே இருக்கின்றன.

நிலவு நிலத்தையும் இழுக்கிறது. நீங்கள் கேட்டது முற்றிலும் சரி. நில ஓட்டிலும் வற்றுப்பெருக்கு உண்டு. மிகப் பெரிய அதிர்வுகள் அந்த இழுவை கூடிய நேரங்களில் சற்றே கூடுதலாக நிகழக்கூடும் என்று யப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். ஆனால் சற்றுக் கூடிய வாய்ப்பை வைத்து நாள் குறிக்க முடியாது; பூரணையும் அமாவாசையும் மாதந்தோறும் வருகின்றன. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் பலிகொண்ட அதிர்வும், 2011 மார்ச்சில் யப்பானின் பேரதிர்வும் அரைநிலவு நாட்களை ஒட்டியே நிகழ்ந்தன. பூரணையன்று பயந்து, மற்ற நாட்களில் பயமின்றி இருப்பதைத்தான் இந்தக் குரற்பதிவு எங்கள் மக்களுக்குக் கற்பிக்கிறது. எனக்கு மிகுந்த கவலை தருவது அதுவே.

கிழக்கு மாகாணத்தான் எழுதியது:

ஆசிரியர் சொன்னவை எல்லாம் சரியாக இருக்கலாம். இருந்தாலும் நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். பிள்ளைகளைச் சில நாட்கள் உறவினர் வீட்டில் விடுவதால் என்ன குறைந்துவிடும்? 2004இல் எங்கள் ஊரில் ஒருவர், எதையோ பார்த்துப் பயந்தாவது ஓடச் சொல்லியிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்? பொய்யான பயம் உயிரை எடுப்பதில்லை. பொய்யான ஆறுதல்தான் எடுக்கிறது. இத்தாலியில் லாக்குவிலா நகரத்து மக்களை நிபுணர்கள் ஆறுதல்படுத்தியதால் என்ன நடந்தது என்பதை நீங்கள் எழுதவில்லையே.

மண்ணும் மலையும் எழுதியது:

உங்கள் வலி எனக்கு விளங்குகிறது. லாக்குவிலாவைப் பற்றி நீங்கள் சொன்னது மிக முக்கியமானது. அங்கே மாதக்கணக்கில் சிறு அதிர்வுகள் தொடர்ந்துகொண்டிருந்தன. தனியாள் ஒருவர் நிலத்திலிருந்து கசிகின்ற றேடன் வாயுவை அளந்து பேரதிர்வு வரும் என்று சொல்லி மக்களைக் கலங்கடித்தார். அந்தக் கலக்கத்தை அடக்க வேண்டும் என்ற அவசரத்தில், சிறு அதிர்வுகளால் சக்தி வெளியேறிவிடுவது நல்லதுதான் என்ற பொருள்பட அதிகாரி ஒருவர் ஊடகத்துக்குச் சொன்னார். 2009 ஏப்ரல் 6ஆம் திகதி அதிகாலையில் அளவு 6.3 அதிர்வில் 309 பேர் இறந்தார்கள். சிறு அதிர்வு வந்தால் வெளியே போய்ப் படுக்கின்ற பழக்கமுள்ள குடும்பங்கள் சில, அந்த ஆறுதலை நம்பி அன்றிரவு உள்ளேயே படுத்திருந்தன. ஆறு விஞ்ஞானிகளும் அந்த அதிகாரியும் 2012இல் தண்டிக்கப்பட்டார்கள். 2014இல் மேன்முறையீட்டில் விஞ்ஞானிகள் அறுவரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் அதிர்வை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று எவரும் குற்றஞ்சாட்டப்படவில்லை. பொறுப்பில்லாமல் ஆறுதல் சொன்னதே குற்றச்சாட்டு.

ஆகவே "ஒன்றும் வராது, நித்திரை கொள்ளுங்கள்" என்று நான் எவருக்கும் சொல்லமாட்டேன். சுமாத்திராப் பிளவில் நாளைக்கே அதிர்வு வரலாம். ஆனால் பொய்யான பயத்துக்கு விலை இல்லை என்பதை ஏற்க முடியாது. 2025 மார்ச் 28ஆம் திகதி மியன்மாரில் அளவு 7.7 அதிர்வு நிகழ்ந்த பின்னர், ஏப்ரல் 21ஆம் திகதி இன்னொன்று வரும் என்று ஒரு சோதிடர் காணொளி வெளியிட்டார். வீடிழந்து, உறவிழந்து கிடந்த மக்களை அவர் இன்னொரு தடவை தெருவுக்கு விரட்டினார். எதுவும் நிகழவில்லை. இப்படி மூன்று தடவை ஏமாந்த ஊர், நான்காவது தடவை உண்மையான எச்சரிக்கைச் சங்கு ஊதும்போது எழும்புமா?

யப்பானிலிருந்து ஊரான் எழுதியது:

இங்கே பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். அதிர்வை முன்கூட்டிச் சொல்லலாம் என்று உலகில் மிகுதியாக நம்பிச் செலவிட்ட நாடு இது. தோக்காய் பகுதியில் வரவிருந்ததாகக் கருதப்பட்ட பேரதிர்வை முன்னுணர்வதற்காக 1978இலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். அந்தப் பக்கம் அனைவரும் கண்வைத்திருக்க, 1995 சனவரியில் கோபே நகரத்தில் அதிர்வு வந்து ஆறாயிரத்து நானூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2017இல், நாள் குறித்துச் சொல்வது இன்றைய அறிவுக்கு இயலாது என்று அரசே ஏற்றுக்கொண்டு திட்டத்தை மாற்றியது. 2024 ஓகஸ்ட் 8ஆம் திகதி ஹியுகா கடலில் அளவு 7.1 அதிர்வு வந்தபோது, யப்பானின் தென்கரைக்கு அப்பாலுள்ள நன்கய் கடற்பள்ளத்தில் பேரதிர்வுக்கான வாய்ப்பு வழமையைவிடக் கூடியிருக்கிறது என்று முதன்முறையாக ஓர் அறிவுறுத்தல் விட்டார்கள். வரும் என்று சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குப் படுக்கையருகே பாதணி வைத்திருங்கள், தண்ணீர் சேர்த்து வையுங்கள், வெளியேறும் வழியைப் பாருங்கள் என்ற அளவில்தான் வேண்டினார்கள். பேரதிர்வு வரவில்லை, வாரம் முடிய அறிவுறுத்தலை விலக்கினார்கள். எவரும் அவர்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை.

தொலைபேசியில் வருகின்ற எச்சரிக்கை வேறு. 2007 ஒக்ரோபரிலிருந்து பொதுமக்களுக்கு வழங்குகிறார்கள். நள்ளிரவில் அறையிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறி, ஒரு பெண் குரல் "ஜிஷின் தெஸ்" என்று சொல்லும். அதிர்வு என்பது அதன் பொருள். அதன் பின் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள், சில சமயங்களில் அதுவுமில்லை. மேசைக்குக் கீழே போவதற்குள் கண்ணாடிகள் கிலுகிலுக்கத் தொடங்கிவிடும். இது முன்கூட்டிச் சொல்வதன்று. அதிர்வு தொடங்கிவிட்டது, வேகமான முதல் அலையைக் கருவிகள் பிடித்து, மெதுவாக வருகின்ற அழிவு அலையை முந்திக்கொண்டு செய்தி அனுப்புகின்றன. எங்கள் கரைக்கு இதில் மிகப் பெரிய நன்மை இருக்கிறது. இங்கே விநாடிகளில் எண்ணுவதை அங்கே மணித்தியாலத்தில் எண்ணலாம். சுமாத்திராவிலிருந்து அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுக்கும்.

உரும்பிராய் மாணவன் எழுதியது:

அப்படியானால் யாழ்ப்பாணத்து நிலமே அதிர்வதற்கு வாய்ப்பு இல்லையா?

மண்ணும் மலையும் எழுதியது:

குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. இலங்கை தகட்டின் விளிம்பில் இல்லை, உட்பகுதியில் இருக்கிறது. 1615இல் கொழும்பில் பெருஞ்சேதம் விளைந்ததாகப் போர்த்துக்கேயர் காலப் பதிவு உண்டு. 2020இல் கண்டி திகணப் பக்கத்தில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. பல்லேகலையில் உலக வலையமைப்பைச் சேர்ந்த அதிர்வுமானி நிலையம் இருக்கிறது. நமக்கு உரிய ஆபத்து பெரும்பாலும் தொலைவில் பிறந்து கடல்வழியாக வருவது.

முனைக்காற்று எழுதியது:

அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. 2004இல் அந்த நேரம் எங்களுக்கும் இருந்தது. கடலுக்கு அப்பால் எல்லாம் முடிந்திருந்தது, எங்களுக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொல்ல, அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே காப்பாற்றிவிட்டார்கள். ஒரு அழைப்பும் ஒரு ஒலிபெருக்கியும் போதுமாக இருந்திருக்கின்றன.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் மறுபடி எச்சரிக்கை வந்து நாங்கள் ஓடினோம். அலை வரவில்லை. அதன் பிறகு சிலர், இனி எத்தனை தடவை சங்கு ஊதினாலும் அசையமாட்டோம் என்று பேசினார்கள். அன்று நடந்தது என்ன என்று ஆசிரியர் விளக்கினால் நல்லது.

மண்ணும் மலையும் எழுதியது:

அன்றைய அதிர்வு அளவு 8.6. மிகப் பெரியது. ஆனால் தகட்டின் விளிம்பில் இல்லாமல் சமுத்திரத் தகட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. கடற்படுக்கை மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. நீரைத் தூக்கிவிடவில்லை, அதனால் பேரலை எழவில்லை. இந்த வேறுபாடு முதல் நிமிடங்களில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. கடலிலுள்ள மிதவைகளும் வற்றுப்பெருக்கு மானிகளும் நீர்மட்டத்தைக் காட்டிய பிறகே விலக்க முடியும். ஆகவே அன்று ஓடியது வீண் அன்று. அந்தக் கணத்தில் கையிலிருந்த தகவலுக்கு ஓடுவதே சரியான முடிவு.

சுமாத்திராவுக்குப் பக்கத்திலுள்ள சிமெலுவே தீவையும் சொல்ல வேண்டும். 1907இல் பேரலையில் பெருந்தொகையானோரை இழந்த அந்த மக்கள், நிலம் பலமாக ஆடிக் கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதைப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். 2004இல் அலை சில நிமிடங்களிலேயே அவர்களை அடைந்தது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். ஆனால் எங்கள் கரையில் ஒரு வேறுபாடு உண்டு: அலையை அனுப்புகின்ற அதிர்வை எங்கள் கால்கள் உணராமலே போகலாம். நிலம் ஆடட்டும் என்று காத்திருக்காமல் கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்குவதையும் அறிவித்தலையும் கவனிக்க வேண்டும். 2011 ஒக்ரோபரிலிருந்து இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் இந்து சமுத்திரம் முழுவதற்கும் தகவல் அனுப்புகின்றன. இலங்கையில் அதைப் பெறுவது வளிமண்டலவியல் திணைக்களம், மக்களுக்குக் கொண்டுசேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம்; அதன் அவசர இலக்கம் 117. குரற்பதிவு எதுவாக இருந்தாலும் அந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

கிழக்கு மாகாணத்தான் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கொழும்புக்கு வருகின்ற செய்தி உடுத்துறைக்கும் தாழையடிக்கும் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதை எவராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? வதந்தியை நம்பாதீர்கள் என்று மக்களுக்குச் சொல்கிறவர்கள், உண்மையான செய்தி வதந்தியைவிட வேகமாக வந்துசேர வழிசெய்ய வேண்டும். குரற்பதிவு ஒரே இரவில் எல்லாக் கைபேசிகளுக்கும் வந்துவிடுகிறதே.

கரையோரத்தாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழுவில் இப்படி எழுதப்போகிறேன்: நாள் குறித்துச் சொல்ல எவராலும் முடியாது, ஆகவே பூரணைக்காகப் பிள்ளைகளின் பாடசாலையை நிறுத்த வேண்டாம், ஆனால் எச்சரிக்கை வந்தால் எந்த நாளாக இருந்தாலும் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

எழுதும்போதே எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. மேட்டுக்கு ஓடு என்கிறோம். எங்கள் ஊர் கடலுக்கும் தொண்டைமானாற்றுக் கடனீரேரிக்கும் இடையில் கிடக்கின்ற ஒடுங்கிய மணல் நிலம். மணற்காட்டுப் பக்கத்தில் மணல்மேடுகள் உண்டு, மற்ற இடங்களில் மேடு எங்கே? மார்கழியில் கடனீரேரிப் பக்கத்துப் பாதைகளில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். 2004இல் வந்ததும் அதே மார்கழிதான். நடக்க முடியாத பாட்டிமாரையும் கைக்குழந்தைகளையும் கொண்டு அந்தப் பாதையால் இரவில் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று தெரியவில்லை.

முனைக்காற்று எழுதியது:

தங்கச்சி, இந்தக் கேள்வியை வட்ஸ்அப்பில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கிராம அலுவலரிடமும் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் எழுத்தில் கொடுங்கள். பிரதியைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புங்கள். மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் நாங்கள் நாலைந்து பேர் வந்து, ஒவ்வொரு பாதையாக நடந்து, எந்த இடத்தில் வெள்ளம் நிற்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்தக் கட்டடத்துக்கு மேல்மாடி இருக்கிறது என்று குறித்துத் தருகிறோம். யப்பானிலிருக்கும் தம்பி அங்குள்ள ஊர் வெளியேற்ற வரைபடம் ஒன்றைப் படமெடுத்து இந்த இழையில் போட்டால், எங்களுடையதை எப்படி வரைவது என்பதற்கு உதவியாக இருக்கும்.

யப்பானிலிருந்து ஊரான் எழுதியது:

எங்கள் தெருமுனையில் ஒன்று நாட்டப்பட்டிருக்கிறது. நாளை வேலைக்குப் போகும்போது படமெடுத்துப் போடுகிறேன். அதில் ஒவ்வொரு இடத்துக்கும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம் என்று குறித்திருக்கிறார்கள். நீங்கள் பாதைகளை நடந்து பார்க்கும்போது அந்த உயரங்களையும் நிலஅளவைத் திணைக்களத்திடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.